கறுப்புக் குவியலும் ஹாஜியாரின் அலவாங்கும்

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் எங்கள் வீதிக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு அல்ல, மையித்து வீட்டுக்கும் அல்ல. ரோட்டைப் பார்க்க!

ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? வந்தவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஹாஜியார் வாயால் பதில் சொல்லவில்லை. தன் ஹார்ட்வெயார் கடைக்குள் போய் ஓர் அலவாங்கோடு, அதுதான் கனத்த இரும்புக் கடப்பாரையோடு, திரும்பி வந்தார்.

அந்த அலவாங்குக்கு ஒரு கதை இருக்கிறது...

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து நற்பிட்டிமுனை வயல் பக்கம் போகிற எங்கள் ரோட்டு, போன மாரிக்கு முன்பு குழியும் ஒட்டுமாகக் கிடந்தது. திருத்த வந்தவர்கள் பழைய தார் மேற்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி, மைதான ஓரத்தில் கறுப்பாகக் குவித்தார்கள். வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஹஸ்னா. இதே வீதியில் பிறந்த பிள்ளை. அவளுக்கு இது முதல் ரோட்டு.

அவள் திட்டம் எளிமையானது. அந்தக் கறுப்புத் தூளையே ரோட்டின் அடித்தளமாகப் போடுவது.

எங்கள் ஆட்களுக்கு ரோட்டு வேலை என்றால் நிறம் சிவப்பு. லொறி லொறியாகக் கிறவல் மண் வர வேண்டும். வெள்ளைச் சாரனில் சிவப்புத் தூசு படிய வேண்டும். அப்போதுதான் வேலை தொடங்கிவிட்டது என்று நம்புவோம். கறுப்பைக் கண்டதும் ஊர் கொதித்தது.

அஸர் தொழுகை முடிந்து வந்த கூட்டம் ஹஸ்னாவைச் சூழ்ந்தது. முன்னால் ஹாஜியார்.

"என்ன புள்ள இது? கிண்டின குப்பையக் கிண்டின எடத்துலயே போடப் போறியாமே?"

"குப்பை இல்ல மாமா, நல்ல கல்லு. நொறுக்கி, புதுக் கல்லும் கொஞ்சம் சீமெந்தும் கலந்து, தண்ணி அடிச்சு றோலர் ஓட்டினா இறுகிரும். அதுக்கு மேலதான் புதுத் தார்க் காபட்."

"மத்த ஊருக்கெல்லாம் செவத்தக் கிறவல். நமக்கு மட்டும் பழசா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு ஊர் முடிவு செல்லும்."

கூட்டத்தின் பின்னால் நின்ற ஹஸ்னாவின் வாப்பா, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் மறித்தால் என்ன ஆகும்? இயந்திரங்கள் வேறு ஊருக்குப் போய்விடும். மாரி வந்துவிடும். சுரண்டிய ரோட்டு சுரண்டியபடி சேறாகும். சொந்த ஊரில் முதல் ரோட்டைப் போட முடியாதவள் என்ற பெயர் ஹஸ்னாவுக்கு நிற்கும்.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. குவியல் தேய்ந்தது!

மாரிக்கு முன் கேற்றடியை, அதாவது வீட்டு வாசல் கேற்றுக்கு முன்னுள்ள தரையை, உயர்த்துவது எங்கள் ஊர் வழக்கம். கடற்கரை மணல் அல்லவா... மழை வந்தால் வாகனச் சில்லுப் புதையும். அதனால் உடைந்த ஓடு, கொங்கிறீட் துண்டு என்று எது கிடைத்தாலும் கேற்றடியில் கொட்டுவோம். அந்த வருடம் வீதி நெடுகக் கேற்றடிகள் ஒரே நிறத்தில் இருந்தன. கறுப்பு.

பொது இடத்தில் கிடந்தால் குப்பை. கேற்றடிக்கு வந்தால் பொருள். நம் அகராதி அப்படி!

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஊர் ஹாஜியாரின் கடையடியில் கூடியது. ஹஸ்னா குரலை உயர்த்தவில்லை.

"மாமா, குவியல் குறைஞ்சிரிக்கி. எடுத்தவங்க திருப்பித் தந்தாப் போதும். ஒங்கட கேற்றடியில இரிந்தே தொடங்குவமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாஜியாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கொட்டிக் கிடந்த குப்பைதானே எடுத்த! இந்தா, இப்பவே கிண்டித் தாறன்!"

கடையிலிருந்து அலவாங்கு வந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் கேற்றடியில் ஓங்கிக் குத்தினார்.

டங்!

அலவாங்கு துள்ளியது. மறுபடி குத்தினார். டங்! கறுப்புத் தரையில் ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான். கேற்றுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "மெதுவாக் குத்துங்க, கை போயிரும்!"

"குழாய்த் தண்ணி அடிச்சிரிக்கீங்க," என்றாள் ஹஸ்னா. "றோலருக்குப் பதிலா ஒங்கட சீமெந்து லொறி ஓடியிரிக்கி. நல்ல வெயிலும் பட்டிரிக்கி. ஒண்டும் கலக்காமலே இப்பிடி மாமா."

ஹாஜியார் அலவாங்கில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"அப்ப, ஒழுங்காக் கலந்து றோலர் போட்டா?"

"அலவாங்கு வளையும்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை ஹாஜியாரும் சேர்ந்து சிரித்தார். அவர் கேட்ட அடுத்த கேள்வியில் 'புள்ள' போய் வேறு சொல் வந்திருந்தது.

"மகள், மிச்சம் கிடக்கிறது ரோட்டுக்குக் காணுமா?"

"காணாது மாமா, இன்னும் வேணும்."

"யாருடா இதெல்லாம் அள்ளின?" என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினார் ஹாஜியார்!

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெருமை. நற்பிட்டிமுனையில் இன்னொரு ரோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள கேற்றடிகள் விழித்துக்கொள்ளும் முன், அந்தத் தூளை எடுக்க ஹஸ்னா அனுமதி வாங்கினாள். ஹாஜியார் தன் லொறியை அனுப்பினார். எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவலும் இருந்தார். மாரியின் முதல் பெருமழைக்கு முன் அடித்தளம் இறுகி, காபட்டும் விழுந்தது.

வெள்ளம் நின்றது, வடிந்தது. அறுவடை முடிந்து நெல் லொறிகள் முக்கி முனகிப் போயின. ஒரு குழி? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எங்களுக்காக எங்கேயும் ஒரு மேட்டைப் புதிதாகத் தோண்டிக் கிறவல் எடுக்கவும் இல்லை. பழைய ரோட்டின் மேல்தான் எங்கள் புதிய ரோட்டு படுத்திருக்கிறது. ஹஸ்னாவின் வாப்பா இப்போது நடு ரோட்டில் நிமிர்ந்து நடக்கிறார். மோட்டார் சைக்கிள்காரர்கள்தான் விலகிப் போக வேண்டும்.

போன கிழமைக்கு வருவோம். அலவாங்கை விருந்தினர் கையில் கொடுத்த ஹாஜியார், தன் கேற்றடியைக் காட்டினார். "குத்திப் பாருங்க தம்பி!"

டங்!

"இது ரோட்டு இல்லையே ஹாஜியார்... இங்க எப்பிடி வந்த?"

"இதுவா? ரோட்டுக்கு முந்தி நாங்க போட்டுப் பார்த்த சாம்பிள். திட்டம் எங்கட புள்ளட. சாம்பிள் என்ட."

பக்கத்தில் நின்ற ஹஸ்னா சட்டென்று வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

எங்கள் வீதியில் கேற்றுக்குக் கேற்று சாம்பிள் இருக்கிறது. வந்து பாருங்கள் — அலவாங்கை ஹாஜியார் தருவார்!