தேய்த்து மினுக்கிய விமானத் துண்டு

போன மாரிமழைக் காலத்தில் நடந்தது இது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் பொறியியலாளராக இருக்கிறேன். கணினி சொல்லும் அளவுக்கு அலுமினியத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரங்கள்தான் என் பொறுப்பு.

புது ஓடர் ஒன்றுக்கான மாதிரித் துண்டைக் கொழும்புக்கு அனுப்பி அளந்து எடுத்திருந்தோம். மறுநாள் அது வெளிநாட்டுக்குப் போகவேண்டும். ஓடர் சரிவராவிட்டால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வேலையிலிருந்து நிறுத்தத்தான் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். கொழும்பு பஸ்ஸில் திரும்பி வந்த துண்டைப் பஸ் நிலையத்தில் பெட்டியோடு வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வந்தேன். கொட்டும் மழையில் குடையோடு மல்லுக்கட்டி இறங்கியதில், பெட்டி சீட்டுக்குக் கீழேயே கிடந்துவிட்டது. உள்ளே போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் வாசலில் அதே ஓட்டோ. ஓட்டி வந்தவர் கிண்ணியா ஊர்க்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நானா பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திறந்தேன். துண்டு கண்ணாடி மாதிரி மினுங்கியது.

வண்டி கழுவும்போது கண்டாராம். பெட்டிக்குள் தண்ணீர் போய், துண்டு எண்ணெய்ப் பிசுக்கும் கோடுமாக இருந்ததாம். இப்படியே கொடுத்தால் எனக்கு ஏச்சு விழுமே என்று, அவரும் மனைவியும் மாறி மாறி சாண்ட் பேப்பரால் தேய்த்தார்களாம்.

அந்தக் கோடுகள் இயந்திரம் வெட்டிய தடங்கள். எண்ணெய் நாங்கள் பூசியது. ஒரு தலைமயிர் அளவுகூடத் தேயக்கூடாத சாமான் அது. இனி அது குப்பைதான்.

என் முகம் மாறியதைக் கண்டிருப்பார். "ஏதும் பிழையா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்ல நானா, நல்லா மினுங்குது."

அவருக்கு முகம் நிறைந்த சந்தோஷம். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார். முதலாளியிடம் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். வாங்குபவர்களிடம் கெஞ்சி நாள் தவணை கேட்டு, புதிதாக ஒன்றை வெட்டினோம். இந்தமுறை நானே கொழும்புக்குக் கொண்டுபோனேன், வழி முழுக்க மடியை விட்டு இறக்கவில்லை. நல்ல காலம், ஓடர் கிடைத்தது. ஒரு பிள்ளையும் வேலை இழக்கவில்லை.

இப்போதும் என்னைக் கண்டால் நானா ஓட்டோவை நிறுத்திவிடுவார். "நம்மட சாமான் பறக்குதா தங்கச்சி?" என்பார். "ஓம் நானா, பறக்குது" என்பேன். மயிரிழைப் பிழையையும் விடக்கூடாது என்று படித்தவள் நான். ஆனாலும் முன்பின் தெரியாத எனக்கு ஏச்சு விழக்கூடாதென்று இரண்டு பேர் கை நோகத் தேய்த்ததை நினைத்தால், அந்தப் பதிலைத் திருத்த எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.