கேன்டீன் மேசையில் ஒரு ஜூரி

வெட்கத்தோடு சொல்கிறேன். பார்த்தசாரதி சார் போய்விட்டார் என்று காலையில் தகவல் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, "அப்பாடா, இன்றைக்கு வாய்தா கிடைக்கும்" என்பதுதான். வக்கீல் ஒருவர் இறந்தால் எங்கள் கோர்ட்டில் அன்று வேலை நடக்காது. நானோ குறுக்கு விசாரணைக்கு ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. அக்ரஹாரத்தில் அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் துக்கம் வந்து சேர்ந்தது.

மைசூர் வக்கீல் நண்பர்களுக்கு அவரைத் தெரியும். கூண்டில் நிற்பவனுக்காக மட்டுமே வாதாடியவர். பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை நம் நாட்டில் எப்போதோ எடுத்தாயிற்று. அவர் மட்டும் அதற்கு இன்னும் துக்கம் காத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஜட்ஜ் எத்தனை கேஸைத்தான்யா கேப்பாரு? மூணு மணிக்கு அவருக்கும் கண்ணு சொருகும். பன்னெண்டு பேர்ல ஒருத்தனாவது முழிச்சிருப்பான்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே கொட்டாவி வந்துவிடும்.

அதனால் கேன்டீனில் சொந்தமாக ஒரு ஜூரி வைத்திருந்தார்: ஜெராக்ஸ் கடை செல்வி, ஆட்டோ ஓட்டும் நஞ்சுண்டா, சப்ளையர் குமார், ஆள் பற்றாக்குறைக்கு நான். வழக்கைச் சொல்லிவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று எங்களைக் கை தூக்கச் சொல்வார்.

ராமாபுரத்துக் கொத்தனார் மாதேஷின் வழக்கும் அங்கே வந்தது. பூச்சு வேலை செய்த வீட்டில் நகை காணோம். போலீஸ் தேடியதும் ஓடி, தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டில் பிடிபட்டவன். ஜாமீன் கிடைக்கவில்லை. அவன் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வராந்தாத் தூணில் சாய்ந்து காத்திருப்பாள்.

செல்வி கேட்டாள்: "திருடலைன்னா எதுக்கு சார் ஓடணும்?"

"அதானே மாராய!" என்று தன் கன்னடத் தமிழில் ஆமோதித்தார் நஞ்சுண்டா.

சார் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். மறுநாள் ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். "முன்னாடி இன்னொரு வீட்ல திருட்டு போனப்ப ஓடாம நின்னிருக்கான். விசாரணைன்னு மணிக்கட்டை உடைச்சுட்டாங்க. அப்புறம்தான் அசல் திருடன் கெடைச்சான். இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு போட்டு என்னய்யா, எனக்கு இதைக் கேக்கத் தோணலையே!"

அதையே வாதமாக வைத்தார், மத்தியானம் மூன்று மணிக்கு, மின்விசிறி ஓடாத ஹாலில். மாதேஷ் விடுதலையானான்.

"பாத்தியா, ஜூரியோட மதிப்பு!" என்று எங்கள் நான்கு பேருக்கும் மசால் தோசை சொன்னார்.

எந்த வாதத்தையும் சட்டம் தெரியாத ஒருவரிடம் முதலில் சொல்லிப் பார்ப்பது: அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். இந்தக் கட்டுரையையும் செல்விக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்தச் சீட்டைக் காட்டின அப்புறமும் நாம நாலு பேரும் திருடன்னுதானே கை தூக்குனோம்? விட்டது அந்த ஜட்ஜ் ஒருத்தர்தானே?"