கொரியா டீச்சர் கிருபாபாய்

“எந்தக் கொரியா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டை மறுபடியும் அலமாரியிலேயே வைக்கிறார் கிருபாபாய். கடைக்கார அண்ணாச்சி சிரிக்கிறார். அவருக்கு இது வாராவாரம் நடக்கிற கூத்து. “கொரியா நூடுல்ஸ், டீச்சர். பிள்ளைக எல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போவுது” என்கிறார். “கொரியா ரெண்டு இருக்கு அண்ணாச்சி. இது ஒண்ணுல இருந்து வந்தது. இன்னொண்ணுல சனங்க என்ன திங்கிதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” அண்ணாச்சிக்குத் தெரியாது. பின்னால் பால் பாக்கெட்டோடு நிற்கும் ஆளுக்கும் தெரியாது. இருவருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் பாடம் நடக்கிறது. பிறகு அரைக் கிலோ உளுந்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்புகிறார்.

வயது ஐம்பத்தொன்று. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் பழுப்பு அட்டை போட்ட கொரிய அகராதி. தூத்துக்குடியில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். சொந்த ஊர் நாசரேத். அப்பா எஸ்றா தலைமையாசிரியராக இருந்தவர். சாப்பாட்டு மேசையில் சத்தம் உயர்த்துகிறவர்களுக்குக் குழம்பு கிடையாது என்று சட்டம் போட்டு வளர்த்தவர். மகள் எல்லாவற்றிலும் அப்பா பேச்சைக் கேட்டார், அந்தச் சத்த விஷயத்தைத் தவிர.

கொரியா அவருக்குத் துறைமுகம் வழியாக வந்தது. எம்.ஏ. படிக்கும்போது, கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவோடு மாலுமிகள் தங்கும் விடுதிக்குப் பாடப் போயிருக்கிறார். அங்கே ஒரு கொரியக் கப்பலின் இன்ஜினியர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “உங்க ஊர் எது?” என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார் கிருபாபாய். அந்த மனிதர் கை துடைக்கும் காகிதத்தில் ஒரு நாட்டை வரைந்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்து, அதுதான் ஊர் என்றார். நாலு வயதில் அம்மாவின் முதுகில் வந்ததாம். அப்பாவும் அக்காவும் பின்னால் வருவதாகச் சொன்னார்களாம். அவ்வளவுதான். உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் அவர் இறங்கலாம், அந்தப் புள்ளியில் மட்டும் இறங்க முடியாது. கிருபாபாய்க்கு அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதை வைத்துத்தான் பதினொரு வருடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கினார்.

ஆனால் கொரியாவுக்கு அவர் போனதில்லை. இரண்டு முறை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு இரண்டு முறையும் இல்லையென்று வந்தது. பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட வாங்காமல் காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டது. ஆசிரியர் அறையில் இதை வைத்துச் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். “நிலாவுக்குப் போயிட்டு வந்தா நிலாவப் பத்திப் பாடம் எடுக்காவ?” என்பார், யாரும் கேட்காமலே.

கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது வேறு. கொரிய நாடகத்தில் வருகிற கதாநாயகனின் தோல் எப்படி அப்படிப் பளபளக்கிறது என்று வருடத்துக்கு இருபது பேராவது கேட்பார்கள். “ஏளா, அவன் மூஞ்சில என்ன பூசுதான்னு சொல்லதுக்கா நான் பதினொரு வருசம் கண்ணு முழிச்சேன்?” என்று எரிந்து விழுவார். விழுந்துவிட்டு உடனே ஆளைப் பிடித்துக்கொள்வார். “சரி, அவன் நடுவுல ஒன்றரை வருசம் ஆளக் காணோமே, எங்கன போனான்? பட்டாளத்துக்கு. எதுக்குப் போனான்? சண்ட இன்னும் முடியல, அதான். ஐம்பத்திமூணுல நிப்பாட்டித்தான் வச்சிருக்கானுவ. சமாதானம்னு ஒருத்தனும் கையெழுத்துப் போடல.” அந்த நாடகங்களை அவர் ஒன்றுவிடாமல் பார்க்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தக் காட்சியில் வடக்கத்திக்காரனைக் கோமாளியாக்கினார்கள், எதில் மனிதனாகக் காட்டினார்கள் என்று வருடவாரியாகச் சொல்வார்.

‘நவீன கொரியா: அரசியலும் பிரிவினையும்’ என்பது அவர் ஒன்பது வருடமாக நடத்தும் விருப்பப் பாடம். அதில் அவர் வைத்த பயிற்சி ஒன்று உண்டு. எண்பத்துமூன்றில் தென்கொரியத் தொலைக்காட்சி, போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியை நாலரை மாதம் நடத்தியது. சனங்கள் பெயர், வயது, மச்சம், கடைசியாகப் பார்த்த இடம் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கிருபாபாயின் மாணவிகளும் அப்படி ஓர் அட்டை எழுத வேண்டும், தங்கள் வீட்டில் காணாமல்போன ஓர் ஆளுக்கு. “எங்க வீட்டுல அப்படி யாரும் இல்ல மேடம்” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். “வீட்டுல போய்க் கேளுளா” என்பார். மறுவாரம் அட்டையோடு வருவார்கள். இந்தக் கரையில் கொழும்புக்கும் மன்னாருக்கும் ஆளைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காத வீடுகளுக்குக் குறைவில்லை.

இந்த வருடம் விஜிலா எழுதி வந்த அட்டை அவள் பெரியப்பா மரியானுக்கு. தோணியில் டிண்டலாக, அதாவது தோணியை நடத்துகிறவராக, இருந்தவர். எண்பத்தொன்பதில் மன்னாருக்கு மனைவி வீட்டைப் பார்க்கப் போனார். அடுத்த வருடம் சண்டை வலுத்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. விஜிலாவின் அப்பா ஜாக்சன் ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் இறந்தோர் பூசைக்குப் பெயர்ப்பட்டியல் கொடுக்கிறார். பட்டியலில் அண்ணன் பெயரை எழுதுவதில்லை. முப்பத்தைந்து வருடமாக எழுதுவதில்லை. பங்குச் சாமியாரே ஒருமுறை கேட்டுப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அட்டையின் கீழே விஜிலா இதையும் எழுதியிருந்தாள். கிருபாபாய் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வருடம் அந்தப் பாடத்துக்குச் சேர்ந்தவர்கள் ஆறே பேர். பத்துக்குக் குறைந்தால் பாடத்தை எடுத்துவிடலாம் என்பது விதி. இதே நேரத்தில் துறைமுகத்துக்குக் கொரியக் கம்பெனி ஒன்று வரப்போகிறது என்று பேச்சு வந்ததும், கல்லூரிக்குக் கொரியப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ‘கொரியன் கல்ச்சர்’ என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பைத் தொடங்கினார்கள். நடனம், முக அலங்காரம், வணக்கம் சொல்லும் முறை. நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். அதில் கொரியா இரண்டாக இருக்கிறது என்று ஒரு வரிகூடக் கிடையாது.

முதல்வர் அருமைநாயகம் கெட்டவரல்ல. எல்லோரையும் சிரித்த முகத்தோடு அனுப்பிவைக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அந்த வகை ஆளிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். “மேடம், புதன்கிழம கம்பெனிக்காரங்க வாராங்க. உங்க பிள்ளைக அட்டைகள வராந்தாவுல வைங்க. நீங்க கூட நின்னு நாலு வார்த்த கொரியன்ல பேசுங்க. அவங்க சந்தோசமாப் போனா, வியாழக்கிழம பாடத்திட்டக் குழுவுல ஆறு பேருன்னாலும் பரவாயில்லன்னு நான் சொல்லிருதேன்” என்றார். கிருபாபாய் ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பழைய படங்களுக்குக் கீழே, ஆறு அட்டைகளிலும் கொரிய மொழியில் ‘இவரைத் தேடுகிறோம்’ என்று தன் கையாலேயே எழுதினார். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டும் வந்தார்.

வந்து பார்த்தால், ஆறு படத்துக்கும் மாலை, கொரிய எழுத்தை மறைத்துக்கொண்டு. சந்தனப் பொட்டு. கீழே ஊதுபத்தி. அலுவலக உதவியாளர் மாடக்கண்ணு, விருந்தாளிகளுக்கு வாங்கியதில் மிஞ்சிய பூவைக் கட்டி அழகாகப் போட்டிருந்தார். படம், பெயர், வயது, ஊர் என்று அட்டையில் இருந்தால் அவர் வேறென்ன நினைப்பார்? ஊர்ச் சுவர் முழுக்க ஒட்டியிருப்பது கண்ணீர் அஞ்சலிதானே. விஜிலா தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். “மேடம், எங்க பெரியப்பாவுக்கு மாலை போட்டுட்டாவ” என்றாள்.

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வாசலில் போட்ட மாலையோடு முன்னால் வந்த மூத்த அதிகாரி படங்களைப் பார்த்தார். தனக்கும் மாலை, படங்களுக்கும் மாலை. எல்லோருக்கும் மரியாதை செய்கிற ஊர் என்று நினைத்திருப்பார். திருப்தியாகத் தலையசைத்தார். அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. காரியம் முடிந்தது. கிருபாபாய் சும்மா நின்றிருந்தால் போதும், பாடம் பிழைத்திருக்கும். அந்த வராந்தாவில் அந்த மாலைக்கு அர்த்தம் தெரிந்து துடித்தவர்கள் இரண்டே பேர்.

“உயிரோட இருக்கவனுக்கு எவன்யா மாலை போட்டது?” என்ற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. முதலில் மரியானின் மாலையைப் பிடுங்கினார். பிறகு வரிசையாக மற்ற ஐந்தையும். நல்ல சேலையின் முந்தானையாலேயே சந்தனத்தைத் துடைத்தார். அதிகாரியைப் பார்த்துக் கொரிய மொழியில், “இவர்கள் இறந்தவர்கள் அல்ல. தேடிக்கொண்டிருக்கிறோம்” என்றார். அதிகாரி மறுபடியும் அட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அரங்கத்தில் நடனப் பாட்டு தொடங்கிவிட்டது. அருமைநாயகம் அவர் முழங்கையைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார்.

அன்று சாயங்காலம் முதல்வர் அறையில் விசாரணை. “ஆளுகள் வந்த நேரத்துல கல்லூரி மானத்த வாங்கிட்டீங்களே. அது என்ன பெரிய தப்பு? ரெண்டு மணி நேரம் அந்தப் பூ கிடந்தா என்ன குறைஞ்சு போகும்?”

“ரெண்டு மணி நேரத்துக்குச் செத்துட்டான்னு சொல்லலாமா சார்? உங்க தம்பி படத்துக்கு நாளைக்கு நான் ஒரு மாலை போடட்டுமா? சாயங்காலம் கழட்டிருதேன்.”

அருமைநாயகத்தின் தம்பி துபாயில் சுகமாக இருக்கிறார். முதல்வர் முகம் கறுத்துப்போனது. “நாளைக்குக் குழுவுல பாப்போம்” என்றார்.

குழுவில் கிருபாபாயையும் சேர்த்து ஏழு பேர். கிருபாபாய் இருபது நிமிடம் பேசினார். ஊரெல்லாம் கொரியப் பாட்டு முணுமுணுக்கும்போது அந்த நாட்டை யார் அறுத்தார்கள் என்று சொல்லித்தர ஒரு வகுப்பு வேண்டாமா என்று கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. தேநீர் வந்தது, வடை சூடாக இருந்தது. குடித்து முடித்ததும் பாடம் நீக்கப்பட்டது. கிருபாபாய் ஒருவர்தான் கை தூக்கவில்லை. எதிர்த்து யாராவது பேசியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

சனிக்கிழமை தீர்மானப் புத்தகத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தவர் மாடக்கண்ணு. மூன்று நாளாக அவர் கிருபாபாயின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். “டீச்சர், நான் மரியாதைக்குத்தான் போட்டேன். சாமி சத்தியமா” என்றார். “உங்க மேல எனக்கு என்ன கோவம் அண்ணாச்சி? உக்காருங்க” என்றார் கிருபாபாய். புத்தகத்தைத் திறந்தார். ஆறு கையெழுத்து விழுந்திருந்தது. அதற்கு மேலே, போதிய மாணவியர் இல்லாததால் மேற்படி பாடத்தை நீக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

அவர் பேனாவை எடுத்து ‘ஒருமனதாக’ என்ற சொல்லை மட்டும் அடித்தார்.

“ஐயோ டீச்சர், பிரின்சிபால் ஏசுவாவளே.”

“ஏசட்டும்.”

அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார். மாடக்கண்ணு புத்தகத்துக்குக் கை நீட்டினார். கிருபாபாய் கொடுக்கவில்லை. குனிந்து, மை நன்றாகக் காய்கிற வரைக்கும் அந்தக் கோட்டின் மேல் ஊதிக்கொண்டிருந்தார்.