அப்புறம் அக்கா

அந்தப் பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "அக்கா". தலை மறைந்ததும் "அப்புறம் அக்கா". அலுவலகப் பொறுப்பு அவருடையது. வேலை கேட்டு வருகிறவர்களை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, "முதல்ல எங்க வேலை பார்த்தீங்க?" என்று ஆரம்பிப்பார். வந்தவர் சொல்வார். "அப்புறம்?" என்பார் அக்கா. வந்தவர் அடுத்ததைச் சொல்வார். "அப்புறம்?" இப்படியே போய், ஏதோ ஒரு வருஷத்தில் வந்தவர் எச்சில் விழுங்குவார். அக்காவின் பேனா அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஒருவர், "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து போனவர், திரும்பி வரவே இல்லை. தண்ணீர் அவர் எதிரிலேயேதான் இருந்தது. இன்னொரு அம்மாள் இரண்டு வருஷத்தை மறைக்கப் பார்த்தார். தோண்டித் துருவிக் கேட்டதில், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலம் அது என்று தெரிந்தது. "இதைப் போய் மறைப்பாங்களா? அனுபவம்னு எழுதுங்க" என்று அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள்தான் இப்போது சமையலறையில் இருக்கிறார்.

கேள்விக்குக் காரணம் உண்டு. இல்லத்துக்கு வருகிற முப்பது பேரில் பாதிப் பேர் உடம்பு வளர்ந்தும் மனசு குழந்தையாகவே நின்றுவிட்டவர்கள். மீதிப் பேர் மறதி நோய் வந்த பெரியவர்கள். காலை ஒன்பதுக்கு வேனில் வருவார்கள், நாலு மணிக்குத் திரும்பப் போவார்கள். இடையில் என்ன நடந்தாலும் வீட்டில் போய்ச் சொல்லத் தெரியாதவர்கள். அதனால் இங்கே பெருக்குகிறவரிலிருந்து பாட்டுச் சொல்லித்தருகிறவர் வரைக்கும் போலீஸ் நற்சான்று வேண்டும். அக்காவுக்கு அது மட்டும் போதாது. முன்பு வேலை பார்த்த இடத்துக்கு அவரே ஃபோன் போட்டுப் பேசியாக வேண்டும். "காகிதம் வாயைத் திறக்காது, ஆளுங்கதான் திறப்பாங்க" என்பார். பத்தொன்பது வருஷமாக இதுதான் நடைமுறை.

ஆனால் இந்த வாரம் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. பீரோவைத் திறப்பார், மூடுவார், பூட்டினோமா என்று இழுத்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை அரசின் நலத்துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். பீரோவில் வேலை பார்க்கிறவர்களின் ஃபைல்கள் இருபத்திரண்டு. இருபத்தொன்று சுத்தம். மிச்சம் இருந்த ஒன்றின் அட்டையில், பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: "அப்புறம்". கையெழுத்து அவருடையதுதான். ஃபைல் அவருடைய தம்பியுடையது.

தம்பி எட்டு வயது இளையவன். அம்மா வேலைக்குப் போன வீட்டில் அக்காவின் இடுப்புதான் அவனுக்குத் தொட்டில். பள்ளிக்கூடத்தில் அவன் மாட்டிக்கொண்டபோதெல்லாம் "வயித்து வலி டீச்சர்" என்று பொய் சொன்னதும் அக்காதான். நாலு மாதத்துக்கு முன்னால் வேன் ஓட்டுநர் குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். தம்பி வேலையில்லாமல் வீட்டில் இருந்தான், வண்டி ஓட்டத் தெரியும். "மூணு வாரம்தானேம்மா" என்றார் இல்லத்தின் செயலாளர். "உங்க தம்பின்னா நம்ம ஆளு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?" மூன்று வாரம் நாலு மாதமானது. போலீஸ் நற்சான்றும் வந்தது, வழக்கு எதுவும் இல்லை என்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஃபோன். அவன் இரண்டு வருஷம் வேலை பார்த்த, வெளியூர் முதியோர் இல்லத்துக்கு.

ஏன் அங்கிருந்து வந்தாய் என்று கேட்டதற்கு, "சரிப்பட்டு வரலக்கா" என்றிருந்தான். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அக்கா "அப்புறம்?" என்றிருப்பார். அவனிடம், "சரி, சாப்பிடு" என்றார். ஊருக்குத்தான் உபதேசம்.

செவ்வாய்க்கிழமை காலை கலெக்டரின் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது.

கலெக்டர் என்றால் நிஜக் கலெக்டர் இல்லை. முப்பத்தொரு வயது, நாலு வயதுப் பிள்ளையின் மனசு. காலையில் வேனை விட்டு முதலில் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இல்லம் முழுக்கச் சுற்றிப் பார்ப்பார். குழாய் சொட்டுகிறதா, செருப்பெல்லாம் வரிசையாக இருக்கிறதா, எல்லாம் பார்த்தாக வேண்டும். அதனால் அந்தப் பட்டம். பேச்சு அதிகம் கிடையாது. ஆய்வு முடிந்ததும் அக்காவின் மேசைக்கு வந்து, அக்காவிடமே கற்றுக்கொண்ட வார்த்தையை அக்காவிடமே கேட்பார்: "அப்புறம்?"

"எல்லாம் நல்லா இருக்கு கலெக்டர்" என்பார் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூன்று வாரமாக இதில் ஒரு மாற்றம். சுற்றிப் பார்ப்பது நின்றுவிட்டது. வேனை விட்டு இறங்கியதும் நேரே மேசைக்கு வருவார். இரண்டு கைகளையும் மேசைமேல் மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து வைத்து, "அப்புறம்?" என்பார். பிஸ்கட் கேட்கிறார் என்று அக்கா எடுத்து ஒன்று வைப்பார். அவர் அதைத் தொடமாட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். எறும்பு மொய்த்ததும் அக்கா மேசையைத் துடைப்பார்.

"வேன்ல ஏற மாட்டேங்கிறாம்மா" என்றார் கலெக்டரின் அம்மா. "கேட்டைப் பிடிச்சவன் விடவே இல்ல. பேண்ட்டெல்லாம் நனைச்சிட்டான். நான் ஆட்டோல கூட்டிட்டு வரேன்."

வந்தார்கள். "புது ஷூ கடிக்குதோ என்னமோ" என்றார் அம்மா. "வெயில் வேற. கையில கூடத் தடிப்பா இருக்கு. வாட்ச் பட்டை ஒத்துக்கலன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு கையிலயும் இருக்கே. ரெண்டு கையிலயா வாட்ச் கட்டுவாங்க?"

கலெக்டர் மேசைக்கு வந்தார். மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து வைத்தார்.

"அப்புறம்?" என்றார்.

பிஸ்கட் டப்பாவுக்குப் போன அக்காவின் கை பாதியில் நின்றது. மூன்று வாரம். தினமும் வந்து, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் காட்டியிருக்கிறார்.

வாசலுக்குப் போனார். தம்பி வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மூஞ்சியே சரியில்ல?"

"கலெக்டர் ஏன்டா வண்டில ஏற மாட்டேங்கிறாரு?"

"எல்லாம் சேட்டைக்கா. ஓடுற வண்டில கியரைப் பிடிச்சு இழுக்குறான்."

அடுத்த கேள்வி அக்காவின் தொண்டை வரைக்கும் வந்தது. ஊரையெல்லாம் எச்சில் விழுங்கவைத்தவர், இப்போது தானே விழுங்கினார்.

"அப்புறம் பேசுறேன்க்கா. டயருக்குக் காத்து அடிக்கணும்" என்று அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். வெளியூர் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்தார். இரண்டாம் முறை ஒரு மணி அடித்ததும் வைத்தார். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு மனசு. நாலு மாதமாகக் கேட்காதபோதே உனக்குத் தெரியும் என்று இன்னொரு மனசு. மூன்றாம் முறை போட்டதும் அங்கே வார்டன் அம்மாள் எடுத்துவிட்டார். அக்கா இல்லத்தின் பெயரைச் சொல்லி, தம்பியின் பெயரையும் சொன்னார்.



"அவர் இங்கேந்து போய் ஒன்றரை வருஷமாச்சு. என்னைக்காவது யாராவது கேப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இதுதான் முதல் ஃபோன்."

"சொல்லுங்கம்மா."

"அடிக்கிற ஆளு இல்ல. சிரிச்சுப் பேசுவாரு, எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா பொறுமை இல்ல. ஒரு பெரியவர் சும்மா சும்மா எழுந்து நடப்பாரு. ஒரு நாள் மதியம் அவரைத் துண்டால நாற்காலியோட கட்டிட்டு வெளியே போயிட்டாரு."

"அப்புறம்?"

"பெரியவர் எழுந்திருக்கப் பார்த்திருக்காரு. நாற்காலியோட விழுந்து இடுப்பெலும்பு போச்சு. குடும்பத்துல கேஸ் வேண்டாம்னுட்டாங்க. எங்க நிர்வாகமும் இதோட விட்டுச்சேன்னு கமுக்கமா அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா. பெரியவர் நடக்கவே இல்ல." பிறகு அந்த அம்மாள் கேட்டார்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"அக்காவா கேக்குறீங்களா, ஆபீஸா கேக்குறீங்களா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஆபீஸ்" என்றார்.

செயலாளர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "தம்பியை இன்னையோட நிறுத்திடுவோம். தற்காலிகம்தானே? அந்த ஃபைலை எடுத்துருங்க. இருபத்தொண்ணுதான்னு காட்டுவோம். உங்க பேரும் கெடாது, இல்லத்து பேரும் கெடாது. கலெக்டர் வீட்ல பக்குவமா சொல்லிக்கலாம்."

அக்காவுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், மிகவும் ஆசையாக இருந்தது. பத்தொன்பது வருஷத்து வேலை, தம்பி, தலைநிமிர்ந்து நடக்கிற நடை, மூன்றும் ஒரே ஒரு ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போவதில் பிழைத்துவிடும். ஆனால் அங்கேயும் இப்படித்தானே கமுக்கமாக அனுப்பினார்கள். இங்கேயும் அனுப்பினால் அவன் இன்னோர் ஊரில் இன்னொரு வேனில் உட்காருவான்.

நாலு மணிக்கு வேன் கிளம்பும் முன் கையை நீட்டினார். "சாவியைக் குடு." வேறு ஓட்டுநருக்குச் சொல்லி வைத்திருந்தார். தம்பியை உள்ளே கூட்டிப்போய் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்.

"முதல்ல எங்க வேலை பார்த்தே?"

"என்னக்கா விளையாட்டு இது? உனக்குத் தெரியாததா?"

"சொல்லு."

சொன்னான். லாரி ஷெட், மருந்துக் கம்பெனி வண்டி, முதியோர் இல்லம்.

"அப்புறம்?"

அவன் எச்சில் விழுங்கினான். அக்காவின் பேனா நின்றது. அந்த ஒரு விநாடியில் அவன் மறுபடியும் இடுப்பில் இருந்த பிள்ளையாகத் தெரிந்தான்.

"நான் உன் தம்பிக்கா."

"அதனாலதான் நாலு மாசமா கேக்கல."

"பாதுகாப்புக்குத்தான் கலெக்டர் கையைக் கட்டினேன். ஒரு நடைக்குப் பன்னெண்டு பேரை வெச்சுக்கிட்டு ஒத்தை ஆளா நீ ஓட்டிப் பாரு, தெரியும். துணைக்கு ஒரு ஆள் கேட்டா உனக்குக் கெட்ட பேர்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

அதிலும் நியாயம் இருந்தது. அக்கா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பெரியவர்?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "நீயே என்னை மாட்டி விடுவியாக்கா?" என்றான்.

"உனக்காக வயித்து வலின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார் அக்கா. "அப்பவே சொல்லாம இருந்திருக்கணும்."

அவன் போன பிறகு கலெக்டரின் அம்மாவுக்கு ஃபோன் செய்து எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா திட்டினார். அக்கா வைக்காமல் முழுவதும் கேட்டார். பிறகு ரப்பரை எடுத்து ஃபைல் அட்டையில் இருந்த பென்சில் வார்த்தையை அழித்தார். "விசாரித்து அனுமதித்தவர்" என்ற இடத்தில் "விசாரிக்காமல்" என்று திருத்தி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். உறவு: அக்கா.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஓர் இளம்பெண். அக்காவின் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். அக்காவுக்கு எதிர் நாற்காலி. பத்தொன்பது வருஷத்தில் அதில் உட்கார்ந்ததே இல்லை, நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வெளியே கலெக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி இருபத்திரண்டாவது ஃபைலை மெதுவாகப் படித்தார். "ஆளை எடுக்கிற பொறுப்பு உங்களுது?"

"ஆமா."

"தம்பியை விசாரிக்காம சேர்த்தீங்க."

"ஆமா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி. அப்புறம்?"

அக்கா எச்சில் விழுங்கினார்.

"வெளியே நிக்கிறாரே, அவர் மூணு வாரமா தினமும் என் மேசைக்கு வந்து சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு" என்றார். "நான் பிஸ்கட் குடுத்தேன்."