மாமா வெட்டிய செலவுப் பட்டியல்

ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில் அந்தக் காலத்தில் கடைகளில் கிடைக்கும். என் தாய்மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். நீல முனை சீவாமலே கிடக்க, சிவப்பு முனை மட்டும் தேய்ந்துகொண்டே போகும். ராஜபாளையத்தில் அவருக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறை இருந்தது. நூல் வியாபாரியோ தறி மெக்கானிக்கோ கொட்டேஷனை நீட்டினால், படித்துப் பார்க்கும் முன்பே பென்சில் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தொகையையும் அடித்து, பக்கத்தில் பாதியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு நடுவில் ஏதோ ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வார். பட்டறை அப்படித்தான் வளர்ந்தது.

எண்பதுகளின் நடுவில், பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீட்டோடு இருந்த எனக்கு, இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் ஓராண்டு ஆங்கிலப் படிப்புக்கு இடம் கிடைத்தது. படிப்புக்குக் கட்டணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவை மட்டும் யாராவது ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அப்பா தவறிப்போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அம்மாவிடம் இருந்தது, கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த பருத்திக் காடு ஒன்றுதான், தளவாய்புரம் போகிற வழியில். காட்டை மாமா பேருக்கு எழுதிக் கொடுப்பது, என் ஓராண்டுச் செலவை மாமா பார்த்துக்கொள்வது என்று பேச்சாயிற்று. பத்திரம் முதலில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் நான் செலவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

கல்லூரியே அனுப்பிய பட்டியல் அது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம், குளிருக்கு உடுப்பு என்று வரிசையாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். மாமா பென்சிலை எடுத்தார். "சாப்பாட்டுக்கு இம்புட்டா? இந்தக் காசுக்கு நம்ம மெஸ்ல நாலு பேரு திங்கலாமே" என்று ஒரு அடி. "பஸ்ஸு எதுக்கு? காலு இல்லியா?" இன்னொரு அடி. "கோட்டா? வீட்டுல ரெண்டு கம்பளி கெடக்கு, கொண்டுட்டுப் போ." நான் தறி மெக்கானிக் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். "மாமா, இது பேரம் பேசுற கணக்கு இல்ல. கொறைஞ்சா சேத்துக்கிட மாட்டாக" என்றேன். இருபத்தொரு வயது, குரல் எழும்பவில்லை. ஆனாலும் சொன்னேன். நான் சொன்னேன் என்பதை இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஏட்டி, வெள்ளக்காரனும் யாவாரிதான். கூட்டித்தான் போடுவான். நாமதான் கொறைக்கணும்" என்று சிரித்தபடியே பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். "அண்ணன்ட்ட திரும்பப் போயி நான் எப்பிடிக் கேக்க?" என்றாள். வேறு வழியில்லாமல் அந்தத் தொகையையே அனுப்பினேன்.

நாலே வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. ஏற்றிருக்கும் தொகை போதாது, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம். மாமா அசரவில்லை. "இன்னொரு கடுதாசி வரும் பாரு. நடுவுல ஒரு தொகை கேப்பான்" என்றார். நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதம் வாசலில் நின்றேன். கடிதம் வரவில்லை. காடும் திரும்பி வரவில்லை. மாமா வேண்டுமென்றே செய்தாரா, பழக்கதோஷத்தில் செய்தாரா என்று பலர் என்னிடம் நியாயம் பேசியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார் என்று வைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

கோபம் நாளாக நாளாக ஆறிவிடும் என்பார்கள். நான் ஆறவிடவில்லை. பழைய குழம்பைப் போல வேளாவேளைக்குச் சூடு பண்ணி வைத்துக்கொண்டேன். உள்ளூர்ப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு எழுதிப்போட்டு, எந்த ஊரில் என்ன வாடகை, ரொட்டி என்ன விலை என்று வரவழைத்துப் படித்தேன். தொண்ணூறுகளில் மாடியில் ஓர் அறை பிடித்து, வெளிநாடு படிக்கப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். என்றைக்காவது மாமா இந்தப் படியேறி வருவார், அன்றைக்கு அவர் கணக்கை நான் பாதியாக்கி அனுப்பி வைப்பேன் என்று காத்திருந்தேன். எல்லாருக்கும் சேவை என்று சொல்லிக்கொண்டாலும், அறையைத் திறந்து வைத்திருந்தது அவர் ஒருவருக்காகத்தான்.

வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பையில் பென்சிலுக்குப் பதில் சர்க்கரை மாத்திரை. கூடவே கடைசி மகள். அவளுக்கும் அதே மாதிரி ஒரு படிப்பு, அதே நாடு. "நீதான் பாத்துச் செய்யணும்" என்றார். அந்தப் பெண் செலவை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். சாப்பாடு ஒரு வேளை போதும், பஸ் வேண்டாம், நடந்துகொள்ளலாம் என்று அவளே எல்லாவற்றையும் அடித்து வைத்திருந்தாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, அப்படியே அனுப்பினால் போதும். கை வரவில்லை. குறைத்தால் அடி அவள்மேல் விழும். கூட்டினால் மாமாமேல் விழும்.

கூட்டினேன். மூன்று வேளைச் சாப்பாடு. பஸ்ஸோடு ரயிலும். ஒன்றுக்கு இரண்டு கோட்டு. பல் வலித்தால் வைத்தியம். விடுமுறையில் விடுதியை மூடினால் வெளியே தங்க அறை. ஒவ்வொரு வரிக்கும் மாமாவின் முகம் சுருங்கியது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். "இதுக்குக் காட்டைத்தான் விக்கணும்" என்றார்.

"எந்தக் காடு மாமா?"

"தளவாய்புரம் வழியில இருக்கே, அதுதான்."

"வித்துருங்க" என்றேன்.

அவர் நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நினைவு வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீயும் அப்ப போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தியே. பொறவு ஏன் போகல?" என்று கேட்டார். நடிப்பில்லை. நிஜமாகவே கேட்டார்.

"நீங்க போட்ட தொகை பத்தல மாமா."

"அம்புட்டுத்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டிப் போட்டிருப்பேனே ஏட்டி!"

பேனாவைத் திரும்ப எடுத்தேன். பெண்ணின் பக்கம் திரும்பினேன். "நடுவுல ஒரு தடவை அம்மாவைப் பாக்கணும்னு தோணுமா?"

"இல்ல மதினி. ஒரு வருசம்தான, தாங்கிக்கிடுவேன்."

"தாங்க மாட்டா மாமா" என்று சொல்லிவிட்டு, விமானத்தில் வந்துபோகும் செலவையும் எழுதினேன்.