பொம்மைக் கட்டிலுக்குத் தேங்காயெண்ணெய்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள், மகள் இப்போதுதான் உறங்கினாள்.

பொம்மை வீட்டுச் சாமான் செய்வதில் எனக்குக் கிடைத்த முதல் ஓடரை நாளைக்குக் கொடுக்க வேண்டும். மருதமுனையிலுள்ள அக்கா ஒருவர் பழங்காலக் கட்டில்தான் வேண்டுமென்றார். வெறும் பலகைக் கட்டில் பழசாகத் தெரியட்டுமென்று, பால் விடாத கடும் பிளேன்டீ பூசி, விளிம்பைத் தேய்த்துக் காயவைத்தேன்.

திரும்பி வந்தால் கட்டில் மினுங்குகிறது!

"பழசையா புள்ள ஆக்களுக்குக் குடுக்கப் போறாய்? தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கி வைச்சிருக்கன்," என்றார் மாமி.

"பழசாத்தான் கேட்டவங்க மாமி!"

"அப்ப ஏன் பயப்படுறாய்? என்ட கலியாணக் கட்டிலும் இப்பிடித்தான் இருந்த."

உண்மைதான், எண்ணெய் ஊறியதும் இன்னும் அழகாகவே இருக்கிறது. ஆனால் பொம்மையின் உடுப்பில் எண்ணெய் ஒட்டிப் பிரளுமோ? துடைத்துவிட்டுக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் விடியுமுன் கெதியாகப் பதில் போடுங்கள்.