இறுதியாட்டத்தன்று ஒட்டகச்சிவிங்கி பார்த்தது

அப்பா எங்களை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனது வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான். அன்றைக்கு அவர் ஒழுங்காகப் பார்த்த மிருகங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். எனக்கு அப்போது எட்டு வயது.

நாங்கள் பாரிசுக்கு வெளியே சார்செலில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கிழமையில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் நித்திரை. கோடையில் ஒரு சனி ஞாயிறுக்கு மட்டும் இந்த ஒழுங்கு குழம்பும். விட்டுவந்த ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பக்கத்து நகரான ஸ்தேனில் ஒரு மைதானத்தை எடுத்து உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். சமைக்கிறவர், பெட்டி தூக்குகிறவர், கடை வைத்திருப்பவர் எல்லாரும் அந்த இரண்டு நாளும் பழையபடி இந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரி என்று பிரிந்துபோவார்கள். படிக்கிற காலத்தில் வகுப்புப் பக்கம் போகாதவர்கள்தான் கல்லூரியின் மானத்துக்காகக் கூடுதலாகக் கத்துவார்கள். அப்பா பத்து வருடத்துக்கு மேலாகத் தன் கல்லூரிக்குக் கோல் காத்தவர்.

எனக்கு அந்தப் போட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. வருடா வருடம் வெயிலில், புழுதியில், கையில் தின்ன ஒரு மீன் ரோல்ஸோடு நானும் அம்மாவும் இரண்டு நாள் குந்தியிருப்போம். கோலுக்குள் போய் நின்றுவிட்டால் அப்பா எங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். வீட்டிலும் நித்திரை, இங்கேயும் இப்படியென்றால் இந்த மனிதர் எப்போதுதான் எனக்கு அப்பாவாக இருப்பார் என்று நினைப்பேன்.

அந்த வருடம் அம்மா துப்புரவு வேலை செய்த இடத்தில் மிருகக்காட்சிச்சாலைக்கு டிக்கெட் கொடுத்தார்கள். போட்டியின் இறுதியாட்ட ஞாயிறோடு அது காலாவதி. அம்மா பெரிய சண்டைக்கு ஆயத்தமாகி, வெங்காயம் வெட்டியபடி கதையை எடுத்தார். அப்பா தேத்தண்ணியிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓம், போவம். பந்து எப்பவும் அடிக்கலாம்தானே" என்றார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு கொழும்பில் அக்கா, லண்டனில் தங்கை என்று ஒருவர் மிச்சமில்லாமல் போன் எடுத்து, பிள்ளைக்காக இந்த மனிசன் மட்சையே விட்டிட்டுது என்று சொல்லிச் சொல்லி ஆறினார். சனிக்கிழமை அப்பா மைதானத்தை மறந்து வேலைக்கே போனார்.

ஞாயிறு காலை புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். அப்பா போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். நாரைகளுக்கு முன்னால் போனைப் பார்த்தார், வரிக்குதிரைக்கு முன்னாலும் பார்த்தார். "இஞ்சேருங்கோ, அதை உள்ளை வையுங்கோவன்" என்று அம்மா சொன்னால் பொக்கற்றுக்குள் வைப்பார், அடுத்த மிருகம் வருவதற்குள் அது திரும்பவும் கைக்கு வந்துவிடும். சிங்கம் எங்கேயோ தூரத்துப் பாறைக்குப் பின்னால் படுத்திருந்தது. அரை மணித்தியாலம் காத்து நின்றும் வால்நுனிதான் தெரிந்தது. "பாவம், அதுக்கும் இண்டைக்குத்தான் லீவு போல" என்றார் அப்பா.

ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே உட்கார ஒரு வாங்கு கிடைத்தது. அம்மா கழிப்பறை வரிசையில் நிற்கப் போனார். அப்பா போனை என்னிடம் தந்து, "கொஞ்சம் கண்ணை மூடுறன். ஆரும் அடிச்சா எழுப்பு பிள்ளை" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர். நான் அவரை மாமா என்பேன். கல்லூரி அணிக்குப் பொறுப்பும் அவர்தான்.

"பிள்ளை, அப்பாட்டைக் குடு."

"அப்பா நித்திரை."

"எழுப்பிச் சொல்லு, குஞ்சு. கோலுக்கு விட்ட பெடியனுக்குக் கால் பிரண்டு போச்சு. நாலு மணிக்கு ஃபைனல், உடனை வரட்டாம். மாமா மன்னிப்புக் கேட்டவர் எண்டும் சொல்லு."

எந்தப் பெடியன், எதற்கு மன்னிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். இவரை எழுப்பினால் திரும்பவும் மெட்றோ, திரும்பவும் புழுதி. குரங்குகளை இன்னும் பார்க்கவில்லை. அப்பா வாயைத் திறந்தபடி என் தோளில் சாய்ந்திருந்தார். "ஓம் மாமா, சொல்லுறன்" என்றேன். பிறகு அந்த அழைப்பை அழித்து, போனையும் நிற்பாட்டினேன். இந்த வேலைகளெல்லாம் எட்டு வயதிலேயே எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

எழும்பியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஆரும் அடிச்சவையோ?"

"இல்லை."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும் இல்லை."

போனை வாங்கிப் பொக்கற்றுக்குள் போட்டார். அதன்பிறகு அதை வெளியே எடுக்கவேயில்லை. எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் குரங்கு காட்டினார். அம்மாவுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அப்பா எனக்கு மட்டும் சொந்தமாக இருந்த நாள் அதுதான் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சாமான் வாங்க மாமாவின் கடைக்குப் போனோம். அவர் முகம் கொடுக்கவில்லை. அம்மா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்க, அப்பாவிடம் மெல்லத் தொடங்கினார்.

"நாலு கோல் மச்சான். பின்னுக்கு விளையாடுறவனைக் கோலுக்கை விட்டனாங்கள். பிள்ளைட்டைச் சொல்லிவிட்டும் நீ வரேல்லை. வயசு போட்டுதெண்டு உன்னை நிப்பாட்டினதுக்கு இவ்வளவு கோவமோ?"

முருங்கைக்காயோடு அம்மாவின் கை நின்றது. தகப்பன் படித்த கல்லூரிக்கு மகனும் விளையாடலாம் என்று அந்த வருடம் சங்கம் புதுவிதி கொண்டுவந்ததாம். அந்தக் கல்லூரியின் கேற்றைக்கூடக் கண்டிராத, பாரிசில் பிறந்த பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவனுக்காக அப்பாவைப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே விலக்கியிருக்கிறார்கள். விடுவதற்கு அவரிடம் மட்ச் எதுவும் இருக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாகற்காயைப் பார்த்தேன்.

"பிள்ளை சொன்னவள்" என்றார் அப்பா. "நான்தான் வரேல்லை."

மாமா பிறகு எந்த வருடமும் அவரை விளையாடக் கூப்பிடவில்லை. கல்லூரியைக் கைவிட்டவன் என்று சங்கத்தில் பேர் எடுத்ததுதான் மிச்சம். லண்டனுக்கும் கொழும்புக்கும் சொன்ன கதையை அம்மா மாற்றிச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்பா என்னைக் கேட்டதேயில்லை. இப்போது எனக்கு வயது முப்பதை எட்டப்போகிறது, நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குக் கடையில், மாமா சொல்லி முடித்ததும் அப்பாவின் முகம் ஒரு கணம் மாறியது. கண் விரிந்து, உதடு துடித்தது. இண்டைக்கு எனக்கு அடிதான் என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதை அந்த மனிதர் அப்போதுதான் அறிகிறார் என்றோ, நான் கண்டது கோபமில்லை, சந்தோஷம் என்றோ அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.